பச்சைப் புள்ளிக்குக் காவல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வேறு எங்காவது போய்விடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். "உங்க வீட்டுல சாஃப்ட்வேர்ல இருக்காங்களே, அதைப் பத்தி எழுதுங்கம்மா" என்றார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால் சரி என்றேன்.

என் மகள் சாஃப்ட்வேரில் இருந்தாள். இந்த ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னால் போதும், எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கும். ஆட்டோக்காரரிடம் இருக்கும், கொத்தமல்லி விற்கிறவரிடம் இருக்கும், கல்யாணத்தில் பக்கத்து இலையில் சாப்பிடுகிறவரிடமும் இருக்கும். எங்கள் வீட்டுக்காரம்மாவிடம் மற்ற எல்லோரையும்விட அதிகமாக இருக்கும். அவர்கள் கன்னடக்காரர்கள், கீழ்வீட்டில் இருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் நான் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் பின்னாலேயே வந்துவிடுவார்கள்.

"ஏனம்மா, உன் மகளுக்கு என்ன கஷ்டா? ஃபேன் கீழ குந்திக்கினு விரலை ஆட்டினா சம்பளா. பேக்கேஜ் எஷ்டு, எவ்ளோ வருது அம்மா?"

"தெரியாதுக்கா."

"பெத்தவளுக்குத் தெரியாதா? சொன்னா வாடகை ஏத்திடுவேன்னு பயமா?"

பயம்தான். சொல்லாமல் இருந்தும் ஏற்றினார்கள், அது வேறு விஷயம்.

சம்பளம் அதிகம் என்பது உண்மை. இல்லை என்று சொன்னால் நான் நன்றி கெட்டவள். என் முட்டிக்கு ஆபரேஷன் நடந்தது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். சம்பளம் அதிகம் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், அலுப்பாக இருக்கிறது என்று சொல்கிற உரிமை போய்விடுகிறது. மூட்டை தூக்குகிறவர் முதுகு வலிக்கிறது என்றால் எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். என் மகள் கழுத்து வலிக்கிறது என்றால், "வாங்கறியே, வலிக்கட்டும்" என்பது போல ஒரு சிரிப்பு வரும். சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமால் டமால் என்று வைப்பேன்.

நான் செய்த வேலையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அப்போது பொம்மனஹள்ளியில் குடியிருந்தோம். அங்கே ஒரு கார்மென்ட்ஸில் எனக்கு நூல் வெட்டுகிற வேலை. தைத்து வருகிற சட்டைகளில் தொங்குகிற நூலையெல்லாம் நறுக்க வேண்டும். வேலை கஷ்டமில்லை. கஷ்டம் எது என்றால் டோக்கன். எங்கள் லைனுக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் டோக்கன், சூப்பர்வைசர் மேசையில் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போக வேண்டுமானால் எல்லோரும் பார்க்க எழுந்து போய் அவரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். "இப்பதானே போன?" என்று அவர் உரக்கக் கேட்பார். எனக்கோ ஆம்பிளைகள் முன்னால் தண்ணீர் கேட்கவே கூச்சம். நான் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். டோக்கன் கேட்க வேண்டாம் அல்லவா.

மகளைப் படிக்க வைக்கும்போது எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. கலெக்டர் ஆக வேண்டும், வெளிநாடு போக வேண்டும் என்றெல்லாம் நினைத்ததில்லை. பாத்ரூம் போவதற்கு அவள் யாரிடமும் டோக்கன் கேட்கக் கூடாது. அவ்வளவுதான். அவளுக்கு வேலை கிடைத்தபோது நான் முதலில் கேட்டதே, "அங்க பாத்ரூம் எப்படி?" என்றுதான். "கண்ணாடி மாதிரி இருக்கும்மா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

பிறகு வேலை வீட்டுக்கே வந்துவிட்டது. வாரத்தில் சில நாள் ஆபீஸ், மீதி நாள் எங்கள் முன்ஹாலில். ஜன்னலோரம் ஒரு மேசை, அதில் லேப்டாப். அந்த லேப்டாப்பில், ஆபீஸ்காரர்கள் பேசிக்கொள்கிற இடத்தில், அவள் போட்டோவின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. அவள் வேலையாக இருந்தால் பச்சை. கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் இருந்தால் மஞ்சள். அது அவளுக்கு மட்டுமில்லை, ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

ஆரம்பத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. பிறகு ஆபீஸில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. யார் யார் என்று மேலே இருந்து பெயர் வருமாம். அவள் டீமிலும் சிலரை வேலையை விட்டு எடுப்பார்களாம். அன்றிலிருந்து என் மகள் அந்தப் புள்ளிக்கு அடிமை. சாப்பிடும்போது இடது கை மவுஸின் மேல். தோசை சுட்டு எடுத்து வருவதற்குள் ஒரு தடவை ஆட்டுவாள். பாத்ரூமுக்கு ஓடுவாள், ஓடி வருவாள். கதவைத் திறந்துகொண்டே கேட்பாள்.

"அம்மா, பச்சையா இருக்கா?"

"இருக்குடி."

"நிஜமா பாத்தியா?"

"இன்னாடி இது, அடுப்புல பால் வச்சா மாதிரி."

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வேலையை வாங்குகிறவன் வேலை முடிந்ததா என்று பார்க்கட்டும். ஆள் உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்ப்பதற்கு ஒரு புள்ளி எதற்கு? டோக்கன் எங்கள் லைனோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். இங்கே வந்து பச்சைப் புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது. எங்கள் டோக்கனாவது ஆணியில் தொங்கியது. இதை இவளே தன் போட்டோவில் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் தெரு முழுக்க வாழைக்கன்றும் பூசணிக்காயும்தான். ஸ்பானர் முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் குங்குமம். என் கணவர் ஆட்டோ ஓட்டியவர். பூஜை போட்ட வண்டியை மறுநாள் காலைவரை அசைக்க மாட்டார். டபுள் கொடுக்கிறேன் என்று வந்து நின்றாலும், "அது இன்னைக்கு சாமிங்க, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார். இரும்பாக இருந்தாலும் வருஷத்தில் ஒரு நாள் அது சும்மா இருக்க வேண்டும் என்பது வழக்கம்.

நானும் அதே ஞாபகத்தில், முதல் நாளே மகளிடம், "உன் லேப்டாப்பை மூடி சாமிகிட்ட வை, பொட்டு வைக்கிறேன்" என்றேன்.

"மூட முடியாதும்மா. நாளைக்கு நான்தான் லாகின்ல இருக்கணும். கிளையன்ட் வெளிநாடு, அங்க லீவு கிடையாது."

"டீம்ல வேற யாருமே இல்லையா?"

"யாராவது இருங்கன்னாங்க. நான் கையைத் தூக்கிட்டேன்."

"ஏண்டி தூக்கின?"

அவள் மவுஸை ஒரு தடவை ஆட்டினாள். எனக்குத் தெரியும். அந்தப் பெயர் பட்டியல்தான். பண்டிகை நாளில் வேலை செய்தவளை எடுக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

மறுநாள் காலை. சந்தனம், குங்குமம், பொரி, கடலை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். கீழே வீட்டுக்காரம்மா கேட்டைக் கழுவிக் கோலம் போட்டு, என் மகளுடைய ஸ்கூட்டியையும் அவர்கள் காரோடு சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். ராகு காலத்துக்கு முன்னால் பூசணி உடைக்க வேண்டும் என்று கீழே இருந்து ஒரே கூப்பாடு. மகள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றாள். லேப்டாப்பைப் பார்க்கிறாள், படிக்கட்டைப் பார்க்கிறாள்.

"அம்மா, வண்டிக்கு பூஜை போட்டுட்டு ஓடி வந்துடறேன். நீ இங்க உக்காந்து மவுஸை மட்டும் மெதுவா ஆட்டிக்கினே இரு. எதையும் அமுக்காத."

"யாராவது கூப்பிட்டா?"

"லீவு நாள், யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா."

உட்கார்ந்தேன். முதலில் மூடியின் பின்பக்கம் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தேன். மூடாவிட்டால் என்ன, பொட்டு இல்லாமல் விடுவதா. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தேன். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். பச்சையாகவே இருந்தது. மாவு அரைக்கிறோம், கோலம் போடுகிறோம் என்றால் கை ஆட்டியதற்கு ஏதாவது மிஞ்சும். இதில் ஒன்றுமே மிஞ்சவில்லை. இதற்குத்தான் காலேஜ் படிப்பு என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

திடீரென்று டிங் என்று ஒரு சத்தம். ஓரத்தில் இங்கிலீஷில் ஏதோ வந்து மறைந்தது. பால்கனிக்குப் போய்க் கூப்பிட்டேன். கீழே மெக்கானிக் கடையில் தமட்டை மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இந்த முட்டியோடு பாதிப் படி இறங்கிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி வண்டிக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிறவளை எப்படிக் கூப்பிடுவது? திரும்பவும் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்து பார்த்தால், புள்ளி மஞ்சள்.

எனக்கு உயிரே போய்விட்டது. மவுஸைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். பச்சை வந்தது. வந்த உடனே மணி அடித்தது. இது டிங் இல்லை, போன் போல விடாமல் அடித்தது. எடுக்காவிட்டால் ஆள் இல்லை என்று ஆகிவிடுமே என்று பயம். போனில் பச்சையை அமுக்கினால்தானே எடுக்கலாம் என்று அதில் இருந்த ஒரு பட்டனை மவுஸால் அமுக்கினேன். ஒரு ஆம்பிளை முகம் வந்துவிட்டது. நெற்றியில் குங்குமம், தோளில் துண்டு. அவளுடைய மேனேஜர், போட்டோவில் பார்த்திருக்கிறேன்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நான் கும்பிட்டேன், அவரும் கும்பிட்டார். கன்னடத்தில் கேட்டார்.

"அம்மா, நமஸ்காரா. மகள் இல்லையா?"

எனக்குக் கன்னடம் நன்றாக வரும். அன்றைக்குத் தமிழே வரவில்லை. "பூஜை... கீழ... இப்ப வந்துடுவா சார். இத்தனை நேரம் இங்கதான் இருந்தா சார்" என்று உளறினேன். கும்பிட்ட கையைச் சட்டென்று எடுத்து மறுபடி மவுஸை ஆட்டினேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். சிரித்தார் பாருங்கள், துண்டு தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு.

"நீங்கதான் ஆட்டறீங்களாம்மா? மஞ்சள் ஆச்சே, என்னடான்னு கூப்பிட்டேன். இன்னைக்கு மேல இருக்கறவங்க பாக்கறாங்க, மஞ்சள் ஆகாம பாத்துக்கோன்னு சொல்லத்தான்."

"தப்பாயிடுச்சா சார்?"

"பயப்படாதீங்க. எனக்கு இத்தனை நேரம் ஆட்டினது என் மனைவி. நான் காருக்கு பூஜை பண்ணிட்டு இப்பதான் வர்றேன்."

பக்கத்திலிருந்து ஒரு பெண் முகம் எட்டிப் பார்த்தது. தலை நிறைய மல்லிகை. "ஆமாம்மா, எனக்குக் கையே நோகுது. ஒப்பட்டு மாவு அங்க காயுது" என்றது. ஒப்பட்டு என்றால் நம் போளிதான்.

"உங்களுக்குமா புள்ளி?" என்று நான் அவரைக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு மேல ஒருத்தர் இருக்காரே. அவருக்கு மேலயும் ஒருத்தர்" என்றார். "அம்மா, இப்ப நீங்க மவுஸை விட்டுடலாம். பேசிக்கிட்டு இருக்கும்போது புள்ளி சிவப்பாயிடும்."

"ஐயோ, சிவப்பா?"

"சிவப்பு நல்லதும்மா. சிவப்புன்னா மீட்டிங்கில இருக்காங்க, ரொம்ப பிஸின்னு அர்த்தம். மகள் வர்ற வரைக்கும் நாம இப்படியே பேசிக்கிட்டு இருக்கலாம். ரெண்டு பேருக்கும் நல்லது."

ஆக, ஆபீஸ் கணக்கில் நானும் அந்த மேனேஜரும் மும்முரமாக மீட்டிங் நடத்தினோம். என்ன பேசினோம் என்றால், ஒப்பட்டுக்குக் கடலைப் பருப்பா துவரம் பருப்பா என்று பேசினோம். அவர் அம்மாவுக்கும் முட்டி வலியாம், ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார்களாம். நான் ஆபரேஷன் செய்த முட்டியால் படி ஏறி இறங்கியதைச் சொன்னேன். "அவங்களைக் கூப்பிடறேன், நீங்களே சொல்லுங்க" என்றார். கூச்சப்பட்டு வேண்டாம் என்றேன். முகம் தெரியாத ஆம்பிளையோடு நான் அவ்வளவு நேரம் பேசியது என் ஆயுசிலேயே அன்றுதான்.

மகள் கையில் உடைத்த தேங்காயோடு உள்ளே வந்தாள். ஸ்கிரீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார்! சாரி சார்! அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது சார்..."

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நீ ஈரத் தலையைத் துவட்டு முதல்ல" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அவள் தேங்காயைக் கீழே வைக்காமலே உட்கார்ந்தாள். "மஞ்சள் ஆச்சாம்மா?" என்றாள். ஆயிற்று என்றேன். "எவ்ளோ நேரம்?" எனக்கு எப்படித் தெரியும்? அதன் பிறகு அன்று முழுக்க அவள் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பொரியை ஒரு கையால் சாப்பிட்டாள்.

பண்டிகை முடிந்து, கேட்டில் கட்டிய வாழை இலை சருகாகி, அதைக் கழற்றிப் போட்ட சில நாளில், ஒரு காலையில் அவளை மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். ஒரு அந்நியப் பெண் குரல் எழுதி வைத்ததைப் படிப்பது போலப் பேசியது கேட்டது. ரசம் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். லேப்டாப் தானாகவே அணைந்துவிட்டது. திரும்பப் போட்டுப் பார்த்தாள், உள்ளே போக விடவில்லை. புள்ளியும் இல்லை, போட்டோவும் இல்லை, ஒன்றும் இல்லை.

"எடுத்துட்டாங்கம்மா" என்றாள்.

ரசத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றேன். அவள் அழவில்லை. எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். நடந்து போனாள், ஓடவில்லை. வெகு நேரம் கழித்து வந்தாள். கதவைத் திறக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

மத்தியானம் போன் வந்தது. அந்த மேனேஜர். அவரையும் அதே காலையில் எடுத்துவிட்டார்களாம். மகள் போனை என்னிடம் கொடுத்தாள்.

"அம்மா, நம்ம ரெண்டு பேரும் சேந்து அவ்ளோ சிவப்பா இருந்தும் பிரயோஜனம் இல்லாம போச்சே" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

"உங்க அம்மாவை ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லுங்க சார்" என்றேன். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கிற இன்ஷூரன்ஸும் ஆபீஸோடு போய்விடும் என்று மகள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவரிடம் போய் அதைச் சொன்னேனே என்று இன்னும் உறுத்துகிறது.

வீட்டுக்காரம்மா சாயங்காலம் மேலே வந்தார்கள். "போனா போகுது பிடு, விடும்மா. சாஃப்ட்வேர் தானே, வேற எடத்துல டபுள் கொடுப்பாங்க" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் மறுபடியும் பாத்திரத்தை டமால் என்று வைக்கத் தோன்றியது. சம்பளம் வாங்கியபோது அலுப்பைச் சொல்லக் கூடாது என்றார்கள். இப்போது துக்கத்தையும் சொல்லக் கூடாது போல.

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போக கூரியர்காரர் வந்தார். மகள் பெட்டியில் வைக்கப் போகும்போது பார்த்தேன், மூடியில் என் குங்குமம். ஈரத் துணி எடுத்து வந்தேன்.

"விடும்மா, இருக்கட்டும்."

"அழுக்குன்னு சொல்லுவாங்கடி."

"சொல்லட்டும். இன்னைக்காவது மூடி வச்சிருக்கோமே" என்று டேப்பைக் கிழித்து ஒட்டினாள்.

இப்போது வேறு வேலை தேடுகிறாள். தன் சொந்த லேப்டாப்பில், அதே ஜன்னலோரம். வேலை தேடுகிறவர்கள் போட்டோ போட்டு வைக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். அதில் அவள் முகத்தைச் சுற்றி ஒரு வளையம் வந்திருக்கிறது, வேலைக்குத் தயார் என்று காட்ட. என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பார்த்ததும், "இதுவும் பச்சையாடி!" என்று கத்திவிட்டேன். அதற்குத்தான் அவள், அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

எழுதியதில் தப்பு இருக்கும். புள்ளி மஞ்சளாக எவ்வளவு நேரம் ஆகும், பட்டன் எந்தப் பக்கம் என்பதெல்லாம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. மலரில் போடுவதற்கு முன் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்த வேண்டும். அதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆயுத பூஜை அன்று நான் படியில் இறங்கி ஏறிய நேரத்தில் புள்ளி மஞ்சளாக இருந்ததே, அது எங்காவது பதிவாகுமா? அதைப் பார்த்து ஒருவரை எடுப்பார்களா? பட்டியல் பண்டிகைக்கு முன்னாலேயே போட்டாயிற்று என்று என் மகள் சொல்கிறாள். அந்த மேனேஜரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் என்மேல் பிரியம் உள்ளவர்கள். அதனால் அந்த வேலை தெரிந்த, என்னைத் தெரியாத யாராவது ஒருவர் விசாரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.